விதி வந்த பிறகா, வருவதற்கு முன்பா: எம்.பி.க்களுக்கு எப்போது சொல்வது?

2017 ஜனவரி 16, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரில் கூட்டம் திரண்டுகொண்டிருந்தது, அடுத்த நாள் மெரினாவும் நிரம்பத் தொடங்கியது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி டீக்கடை வரைக்கும் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. அதே நாளில், அதே சட்டத்தின் கீழ், கால்நடைச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் வரைவு விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அரசிதழில் வெளியிட்டது. ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் எழுதலாம் என்றும் சொன்னது. மாட்டுக்காக ஒரு மாநிலமே தெருவில் நின்ற நேரத்தில், மாட்டுச் சந்தையைத் தொடும் அந்த வரைவு இங்கே பெரிய பேச்சாகவே ஆகவில்லை.

மே 23 அன்று இறுதி விதிகள் வந்தபோதுதான் எல்லோரும் விழித்தோம். சந்தைக்கு மாடு கொண்டுவருபவர், இறைச்சிக்காக விற்கவில்லை என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தை நடத்தக் கூடாது. கேரள எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கும், கேரள வியாபாரிகளை நம்பி நடக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது.

இதை நாடாளுமன்றத்தின் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பகுதி ஜனவரி 31 முதல் பிப்ரவரி 9 வரை நடந்தது, அதாவது ஆட்சேபணை எழுதக் கொடுத்த 30 நாளுக்குள்ளேயே எம்.பி.க்கள் டெல்லியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பகுதி மார்ச் 9-இல் தொடங்கி ஏப்ரல் 12-இல் முடிந்தது. கூட்டத்தொடர் முடிந்து ஆறு வாரம் ஆன பிறகு இறுதி விதி வருகிறது. அடுத்த கூட்டத்தொடர் ஜூலை 17-இல்தான் தொடங்கியது. விதியை முறைப்படி அவையில் வைக்க வேண்டுமென்றால் அதற்குப் பிறகுதான் வைக்க முடியும், அதற்கு ஆறு நாள் முன்பே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது.

சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். அந்தச் சட்டத்தின் பெயரில் அமைச்சகம் எழுதும் விதி, நாடாளுமன்றத்துக்கு முறைப்படி வந்து சேர்வது எல்லாருக்கும் கடைசியாக. இதை மாற்ற உலகத்தில் பல வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. எது நமக்குச் சரிப்படும் என்பதுதான் என் கேள்வி. ஒவ்வொன்றையும் நான் இரண்டு விஷயங்களை வைத்து எடை போடுகிறேன்: தகவல் எந்தக் கட்டத்தில் போகிறது, போகாவிட்டால் என்ன ஆகும். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் கேட்கவே மறந்துவிடுகிறோம்.

முதலில் இப்போது நம்மிடம் இருப்பது. பெரும்பாலான மத்தியச் சட்டங்களின் கடைசியில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒரு பிரிவு இருக்கும். விதி வகுத்த பிறகு, அவை கூடியிருக்கும்போது மொத்தம் 30 நாளுக்கு இரு அவைகளிலும் வைக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் விதியைத் திருத்தலாம் அல்லது ரத்து செய்யலாம். ஆனால் அதற்குள் அந்த விதியின்படி நடந்து முடிந்தது எதையும் அது பாதிக்காது. இதோடு மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1964 முதலும் சார்நிலைச் சட்டங்களுக்கான, அதாவது இப்படி அமைச்சகங்கள் வகுக்கும் விதிகளுக்கான குழு ஒன்று, தலா 15 உறுப்பினர்களோடு இயங்குகிறது. குழு செய்வது நல்ல வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விதி தனக்கு அதிகாரம் தந்த தாய்ச்சட்டத்தைத் தாண்டிப் போகிறதா, அனுமதி இல்லாமல் வரி போடுகிறதா, முன்தேதியிட்டு அமலாகிறதா என்றெல்லாம் பார்த்து அறிக்கை தருகிறது. ஆனால் மத்திய அரசின் எல்லா அமைச்சகங்களின் விதிகளும் ஒவ்வோர் அவையிலும் அந்தப் பதினைந்து பேர் தலையில்தான் விழுகின்றன, அதுவும் விதி அமலுக்கு வந்த பிறகு.

ரத்து செய்யும் அதிகாரம் இருக்கிறதே என்பார்கள். அதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 2011 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இணைய இடைநிலை நிறுவனங்களுக்கான, அதாவது பிறர் போடும் பதிவுகளைத் தாங்கும் இணையதளங்களுக்கான விதிகள் வந்தன. யாராவது புகார் செய்தால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொன்ன விதிகள் அவை. அவற்றை ரத்து செய்யக் கோரி கேரளத்தைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் பி. ராஜீவ் தீர்மானம் கொண்டுவந்தார். விவாதம் நடந்தது 2012 மே 17 அன்று, விதி வந்து பதின்மூன்று மாதம் கழித்து. எதிர்க்கட்சித் தலைவர் அருண் ஜேட்லி உட்படப் பலர் நன்றாகவே பேசினார்கள். கலந்து பேசுவோம் என்று அமைச்சர் கபில் சிபல் உறுதி சொன்னார். தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் தோற்றது. நம் நாடாளுமன்ற வரலாற்றில் இந்த அளவுக்கு வந்த தீர்மானமே அபூர்வம்.

சரி, அவையில் வைக்கவே இல்லை என்றால் என்ன ஆகும்? அட்லஸ் சைக்கிள் நிறுவனத்துக்கும் ஹரியானா அரசுக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த ஓர் ஆணையைப் பற்றிய வழக்கு அது. அவையில் வைக்க வேண்டும் என்பது வெறும் வழிகாட்டும் விதி, வைக்காததால் ஆணை செல்லாது என்று ஆகாது என்றது நீதிமன்றம். ஒரு வரியில் சொன்னால் நம் முறையில் தகவல் தாமதமாகப் போகிறது, போகாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நான் கேட்கும் இரண்டு கேள்வியிலும் இது தோற்கிறது.

இரண்டாவது வழி, முன்கூட்டியே வரைவை வெளியிடுவது. இதுவும் நம்மிடம் இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதற்கான முறையைச் சொல்கிறது; தாய்ச்சட்டம் முன்வெளியீடு வேண்டும் என்று சொன்னால் வரைவை வெளியிட்டு, தேதி குறித்து, வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். கால்நடைச் சந்தை வரைவு அப்படி வந்ததுதான். ஆனால் இது பொதுமக்களுக்கான அறிவிப்பு. எம்.பி.க்குத் தனியாக ஒரு தாள்கூட போக வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. அரசிதழை ஒருமுறை திறந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். சிறப்பு வெளியீடு, பகுதி இரண்டு, பிரிவு மூன்று, உட்பிரிவு ஒன்று என்ற தலைப்புக்குக் கீழே முதலில் இந்தியில், அப்புறம் ஆங்கிலத்தில் வரைவு இருக்கும். பாதிக்கப்படக்கூடிய அனைவரின் தகவலுக்காக என்று ஒரு வாசகம், ஆட்சேபணை அனுப்ப ஒரு முகவரி, கடைசி நாள் எப்போது என்று ஒரு குறிப்பு. 2015 அக்டோபரிலிருந்து அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் இணையத்தில்தான். தொகுதியில் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றிரண்டு உதவியாளர்களை மட்டுமே வைத்திருக்கும் ஓர் எம்.பி. தினமும் அதைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

மொழியும் ஒரு பெரிய தடை. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கான அறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைத்தது உட்பட நிறைய விஷயம் அதில் இருந்தது. ஊரடங்கு நேரம், வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி, ஆகஸ்ட் 11 வரை கால நீட்டிப்பும் கொடுத்தது டெல்லி உயர் நீதிமன்றம். அந்த மொழிபெயர்ப்பு உத்தரவை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழில் ஒரு வரைவைப் படிக்கும் உரிமைக்கு இவ்வளவு போராட்டம் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஆனால் முன்வெளியீடு சரியாக வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 6 அன்று பல்கலைக்கழக மானியக் குழு புதிய வரைவு நெறிமுறைகளை வெளியிட்டது. துணைவேந்தர் தேடல் குழுவில் மாநில அரசின் பங்கை இல்லாமல் ஆக்கும் வரைவு. ஜனவரி 9 அன்றே தமிழ்நாடு சட்டப்பேரவை அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது, கருத்துச் சொல்லும் கெடுவும் பின்னர் பிப்ரவரி கடைசி வரை நீண்டது. மூன்றே நாளில் ஒரு சட்டமன்றம் பதில் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த வாரம் ஆளுநர் உரைக்காகப் பேரவை கூடியிருந்தது, செய்தியும் பெரிய செய்தி. இரண்டும் அமையாத ஒரு வரைவுக்கு, ஒரு மீன்பிடி விதிக்கோ உணவுப் பாதுகாப்பு நெறிமுறைக்கோ, இது நடக்காது.

மூன்றாவது வழியாகப் பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்தே பார்க்கலாம். பிரிட்டனில் பெரும்பாலான விதிகள் நம்மைப் போலத்தான், எதிர்க்காவிட்டால் தானாக நிற்கும். நம் முறை அங்கிருந்து வந்ததுதானே. எதிர்க்க 40 நாள் அவகாசம். பிரிட்டன் மக்களவை அப்படி ஒரு விதியைக் கடைசியாக ரத்து செய்தது 1979-இல், மண்ணெண்ணெய் விலை பற்றிய ஆணை அது. ஆக வாக்களிக்கும் அதிகாரம் அங்கேயும் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேறு இரண்டு விஷயம் உண்டு. விதியை அவையில் வைத்து 21 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வர வேண்டும் என்ற வழக்கம் ஒன்று. இன்னொன்று, மேலவையான பிரபுக்கள் அவையில் இருக்கும் இரண்டாம் நிலைச் சட்ட ஆய்வுக் குழு. அவை நடக்கும் காலத்தில் ஏறக்குறைய வாராவாரம் அறிக்கை கொடுத்து, வந்த விதிகளில் எவை கவனிக்கத்தக்கவை, எதில் அமைச்சகத்தின் விளக்கம் போதவில்லை என்று சொல்லிவிடுகிறது. எல்லாவற்றையும் எல்லாரும் படிக்க வேண்டாம், சலித்து எடுத்தது மட்டும் கைக்கு வரும். எம்.பி.க்கு உண்மையில் தேவை இதுதான்.

ஆஸ்திரேலியா இன்னும் கறார். விதியைப் பதிவு செய்து ஆறு அமர்வு நாளுக்குள், அதாவது அவை கூடும் நாட்களை மட்டும் எண்ணி, அவையில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் விதியே இல்லாமல் போகும். வைத்த பிறகு 15 அமர்வு நாளுக்குள் ரத்துத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், ஓர் அவை மட்டும் நினைத்தாலே போதும். அதைவிட முக்கியம், நோட்டீஸ் கொடுத்த தீர்மானத்தை அடுத்த 15 அமர்வு நாளுக்குள் எடுத்து முடிக்காமல் அரசு இழுத்தடித்தால் விதி தானாகவே ரத்தாகிவிடும். தாமதம் அரசுக்கு எதிராக வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் மேலவையான செனட்டின் குழு கேள்வி கேட்டால் அமைச்சர்கள் உடனே பதில் எழுதுகிறார்கள், திருத்துவதாக வாக்குறுதியும் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் தாமதம் எப்போதும் அரசுக்குச் சாதகம். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே ஆஸ்திரேலிய முறையைப் படிக்க வேண்டும் என்பேன். ஆனால் ஓர் அவையே ரத்து செய்யலாம் என்பதை இங்கே எந்த ஆளுங்கட்சியும் ஏற்காது, மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத காலத்தை எல்லாக் கட்சியும் பார்த்திருக்கிறது. தவிர, இதுவும் விதி வகுத்த பிறகு நடப்பதுதான்.

நான்காவது அமெரிக்கா. அங்கே நாடாளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ். 1996-ஆம் ஆண்டின் காங்கிரஸ் மறுஆய்வுச் சட்டத்தின்படி, எந்த அமைப்பும் தன் இறுதி விதியை இரு அவைகளுக்கும் தலைமைக் கணக்காயருக்கும் அனுப்பிய பிறகே அது அமலுக்கு வர முடியும். பொருளாதாரத்தில் ஆண்டுக்கு 10 கோடி டாலர் அளவுக்குத் தாக்கம் உள்ள பெரிய விதி என்றால் 60 நாள் பொறுக்க வேண்டும். அனுப்பாவிட்டால் அமல் இல்லை என்று எழுத்தில் இருப்பது நமக்கு இல்லாத பலம். ஆனால் இதை மீறினால் நீதிமன்றம் போகும் வழியை அதே சட்டத்தின் வேறொரு பிரிவு பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. நடைமுறையிலும் 2001-இல் ஒரு விதியை நீக்கியதற்குப் பிறகு 2017 வரை இதைப் பயன்படுத்தி எதையும் நீக்கவில்லை, ஆட்சி மாறிய பிறகுதான் வரிசையாக நீக்கினார்கள். தகவல் சொல்வதற்கென்று வந்த சட்டம், முந்தைய ஆட்சியின் கடைசி மாத விதிகளைத் துடைக்கும் கருவியாகிவிட்டது.

அமெரிக்காவில் எனக்குப் பிடித்தது வாஷிங்டன் முறை இல்லை, இல்லினாய் மாநில முறை. அங்கே விதிகளுக்கான கூட்டுக் குழு ஒன்று 1977 முதல் இருக்கிறது. பன்னிரண்டு உறுப்பினர்கள், இரு அவைகளுக்கும் சம பங்கு, இரு கட்சிகளுக்கும் சம பங்கு. ஒரு துறை விதி கொண்டுவர நினைத்தால் முதலில் வாராந்திர அரசிதழில் வரைவை வெளியிட்டுக் குறைந்தது 45 நாள் கருத்துக் கேட்க வேண்டும். அதன் பிறகு, என்ன கருத்து வந்தது, எதை மாற்றினோம் என்ற விவரத்தோடு இரண்டாவது அறிவிப்பைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், அங்கே பொதுவாக இன்னொரு 45 நாள் வரை. குழுவின் ஊழியர்கள் வரைவை வரி வரியாகப் பார்த்துத் துறை அதிகாரிகளிடம் கேள்வி கேட்பார்கள். பெரும்பாலான சிக்கல் வாக்கெடுப்புக்கே வராமல் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் குழு ஆட்சேபணை தெரிவிக்கலாம், ஐந்தில் மூன்று பங்குப் பெரும்பான்மை இருந்தால் விதியைத் தடுக்கவும் செய்யலாம். இரு கட்சியும் சமமாக இருப்பதால் ஒரு கட்சி மட்டும் நினைத்துத் தடுக்க முடியாது.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு குழு நிர்வாகத்தின் கையைக் கட்டலாமா என்ற அதிகாரப் பிரிவினைக் கேள்வி எப்போதும் இருக்கும். 1983-இல் சாதா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே காரணத்துக்காக, காங்கிரஸின் ஓர் அவை மட்டும் நிர்வாக முடிவை ரத்து செய்யும் வழக்கத்தை நீக்கியது. (வழக்கின் நாயகர் ஜெகதீஷ் ராய் சாதா, கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர்.) பெரிய நிறுவனங்கள் பன்னிரண்டு பேரை மட்டும் பார்த்துப் பேசி விதியை நீர்த்துப்போகச் செய்யும் ஆபத்தும் உண்டு. அதனால் தடுக்கும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. இல்லினாயிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நேரத்தை மட்டும்: வரைவாக இருக்கும்போதே உறுப்பினர் கைக்குப் போக வேண்டும், வந்த கருத்துகளுக்கு என்ன பதில் என்பதும் எழுத்தில் போக வேண்டும்.

ஒவ்வொரு விதிக்கும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாக்கு வேண்டும் என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வருடத்துக்கு எத்தனை நாள் நம் அவைகள் கூடுகின்றன, கூடும் நாளில் எத்தனை மணி நேரம் அமளியில் போகிறது என்று பாருங்கள். மசோதாக்களே சில நிமிடத்தில் நிறைவேறும் இடத்தில் விதிகளையும் சேர்த்தால் அதுவும் குரல் வாக்கெடுப்பில் போய்விடும். படிக்காமல் போட்ட வாக்கு அமைச்சகத்துக்குக் கேடயமாகத்தான் ஆகும், நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டதே என்று நீதிமன்றத்திலும் சொல்வார்கள்.

அப்படியானால் என் தேர்வு என்ன? வரைவு அரசிதழில் வரும் அன்றே, அந்தத் துறையைக் கவனிக்கும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அது போக வேண்டும். துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 31 பேர், 21 பேர் மக்களவையிலிருந்தும் 10 பேர் மாநிலங்களவையிலிருந்தும். கூட்டத்தொடர் இல்லாத காலத்திலும் இவை கூட முடியும் என்பதுதான் பெரிய வசதி, 2017 மே மாதம் மாதிரியான இடைவெளியில் விதி விழுந்தாலும் பார்க்க ஆள் இருக்கும். ஏற்கெனவே இருக்கும் சார்நிலைச் சட்டக் குழு, சட்டக் குறைகளைப் பார்க்கும் தன் வேலையைத் தொடரட்டும். கொள்கை பற்றிய கேள்வியை அந்தத் துறையை வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவர்கள் கேட்கட்டும்.

வரைவை அப்படியே தூக்கி அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். கூடவே இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும்: இப்போது என்ன நடைமுறை, எது மாறுகிறது, யாருக்குப் புதிதாகக் கட்டணமோ தண்டனையோ வருகிறது, எந்த மாநிலத்தின் அதிகாரத்தைத் தொடுகிறது, கடைசி நாள் எது. அந்தக் குறிப்பு எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். முழு வரைவையும் மொழிபெயர்ப்பது சிரமம் என்று அரசு சொல்லலாம், இரண்டு பக்கத்தை மொழிபெயர்க்க முடியாது என்று சொல்ல முடியாது. கால்நடைச் சந்தை வரைவுக்கு இப்படி ஒரு தாள் பொள்ளாச்சி எம்.பி. கைக்கு ஜனவரி மூன்றாம் வாரம் வந்திருந்தால், சந்தைக்காரர்களைக் கூட்டிப் பேசவும் எழுதிக் கொடுக்கவும் அவருக்கு நாலு வாரம் இருந்திருக்கும்.

மாநிலங்களைத் தொடும் வரைவென்றால் சட்டப்பேரவைச் செயலகத்துக்கும் ஒரு பிரதி. நம் பேரவையிலும் சட்ட விதிகள் ஆய்வுக் குழு இருக்கிறது. மாநில அரசு வகுக்கும் விதிகளுக்கும் இதே முன்னறிவிப்பு முறையை அந்தக் குழு மூலம் தொடங்குவதை யாரும் தடுக்கப்போவதில்லை, டெல்லி மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

போகாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு என் பதில்: இறுதி அறிவிக்கையின் முகப்புரையிலேயே, வரைவு எந்தத் தேதியில் எந்த நிலைக்குழுவுக்குப் போனது, உறுப்பினர்கள் சொன்ன கருத்துக்கு அமைச்சகத்தின் பதில் எங்கே வெளியாகியிருக்கிறது என்ற இரண்டு விவரமும் இருக்க வேண்டும், இல்லாத விதி அமலுக்கு வராது என்று பொதுக் கூறுகள் சட்டத்தில் ஒரு திருத்தம். அட்லஸ் தீர்ப்பைத் தாண்ட இது ஒன்றுதான் வழி, ஏனென்றால் பின்விளைவைச் சட்டமே சொல்லாததையும் ஒரு காரணமாக வைத்துத்தான் நீதிமன்றம் அன்று அப்படி முடிவு செய்தது. திருத்தம் வரும்வரை மாநிலங்களவைத் தலைவரும் மக்களவைத் தலைவரும் வழிகாட்டுதல் போட்டு அனுப்பும் பழக்கத்தையாவது தொடங்கலாம்.

இதற்கு விலக்கும் வேண்டும். சுங்க வரியை மாற்றப்போகிறோம் என்று ஒரு மாதம் முன்பே சொன்னால் சரக்கைப் பதுக்குவார்கள். வெள்ளமோ தொற்றுநோயோ வந்தால் நிலைக்குழுவின் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. அப்படிப்பட்டவற்றை அன்றே அமல்படுத்தட்டும், 48 மணி நேரத்துக்குள் அதே இரண்டு பக்கக் குறிப்பை, ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற காரணத்தோடு உறுப்பினர்களுக்கு அனுப்பட்டும். ஆறு மாதத்துக்குள் முறையான வரைவாகக் கொண்டுவராவிட்டால் அந்த அவசர விதி காலாவதியாக வேண்டும்.